காயடித்த குட்டிக்கு ராத்திரியில் ரத்தம்: தட்டணு குறைவா, வேறு காரணமா?

கேள்வி:

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி மூன்று தாய்ப்பன்றிகள் வைத்திருக்கிறோம். வெள்ளை யார்க்‌ஷயர் கலப்பு. கடைசி ஈத்தில் எட்டுக் குட்டிகள், அதில் ஐந்து ஆண். 50 நாள் ஆனதும் ஆள் கூப்பிட்டு மூன்று குட்டிகளுக்குக் காயடித்தோம். காலை பத்து மணிக்கு வெட்டினது. அப்போது ரத்தம் அதிகம் இல்லை, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. வலிக்கு என்று வீட்டில் இருந்த மாத்திரையை மதியம் பொடித்துக் கஞ்சியில் கொடுத்தோம். இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டு குட்டிகளுக்குச் சொட்டத் தொடங்கியது. மாமனார் காப்பித்தூள் வைத்து அழுத்தினார், நிற்கவில்லை. பெரிய குட்டி விடியும் முன்பே செத்துவிட்டது. இன்னொன்று பிழைத்துவிட்டது, ஆனால் முன்னங்கால் முட்டி வீங்கி நொண்டுகிறது, வயிற்றடியில் நீலமாக ரத்தக்கட்டு. மூன்றாவது குட்டிக்கு ஒன்றும் இல்லை. லேப்பில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன் காதில் இரண்டு மூன்று இடம் குத்தி ரத்தம் எடுத்துப்போய்ப் பார்த்தான். பிளேட்லெட் 62,000 என்று வந்தது. டெங்குபோல ஏதாவது இருக்குமா? பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா? ஆண்பன்றியின் பரம்பரைக் குறையா? மீதி இரண்டு குட்டிகளுக்குக் காயடிக்கலாமா? எல்லாம் கிறிஸ்துமஸுக்கு விற்க வைத்தவை. தீவனம் ஹோட்டல் மிச்சம், அவித்த மரச்சீனி, தேங்காய்ப் புண்ணாக்கு. புண்ணாக்குச் சாக்கை எலி கடித்ததால் அந்த அறையில் எலி கேக் வைத்திருக்கிறோம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமாகச் செய்ய வேண்டியதைப் போனில் சொல்லிவிட்டேன். உங்கள் ஊர் மருத்துவர் ஊசியையும் தொடங்கிவிட்டார் என்று கேட்டு நிம்மதி. பன்றி வளர்க்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கடிதத்தில் நீங்கள் முக்கியம் என்று எடுத்துக்கொண்டது 62,000 என்ற எண். எனக்கு முக்கியமாகப் பட்டது 'இரவு எட்டு மணிக்கு மேல்' என்ற வரி. வெட்டியபோது ரத்தம் நின்றிருக்கிறது, பத்து மணி நேரம் கழித்துத் திரும்ப வந்திருக்கிறது. தட்டணு, அதாவது பிளேட்லெட், கெட்ட குட்டிக்கு இப்படி நடக்காது.

காரணம் புரிய, ரத்தம் நிற்பது எப்படி என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் குளத்துக்குக் குறைவில்லை, அதனால் உதாரணத்துக்குத் தூரம் போக வேண்டாம். கரையில் ஓட்டை விழுந்தால் முதலில் கையில் கிடைத்த ஓலையையும் கல்லையும் போட்டு அடைப்போம். அது தண்ணீரை அப்போதைக்குத்தான் தடுக்கும். பின்னாலேயே களிமண் கொண்டுவந்து மிதித்துப் பூசினால்தான் கரை நிற்கும். ரத்தக்குழாய் அறுபட்டாலும் இதே இரண்டு கட்டம். முதல் கட்டம் தட்டணுக்களுடையது. இரண்டாவது, ரத்தத்தில் கரைந்திருக்கும் உறைவுக் காரணிகள் என்ற புரதங்களுடையது.

தட்டணு என்பது முழு செல்கூட இல்லை. எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரு பெரிய செல்லிலிருந்து பிய்ந்து விழும் துணுக்கு. அதற்கு உட்கரு கிடையாது. அதனால் புதிதாகப் புரதம் செய்துகொள்ளும் திறனும் அநேகமாக இல்லை. வரும்போது கொண்டுவந்ததை வைத்துச் சில நாள் ஓடி முடிந்துவிடும். குழாய்ச் சுவர் கிழிந்து உள்ளே இருக்கும் கொலாஜன் நார் வெளியே தெரிந்ததும், வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஓடும் ரத்தத்தில் போகிற தட்டணு இந்தப் புரதத்தைப் பிடித்துத்தான் நிற்க முடியும். நின்றதும் தட்டையாக இருந்தது உருண்டு, முள்முள்ளாகக் கால் நீட்டும். உள்ளே பொதிந்து வைத்திருக்கும் ஏடிபி (ADP), செரட்டோனின் போன்ற பொருள்களைக் கொட்டும். திராம்பாக்சேன் என்ற ஒன்றை அந்த இடத்திலேயே தயாரித்து வெளியிடும். இதெல்லாம் பக்கத்தில் ஓடுகிற மற்ற தட்டணுக்களுக்கு 'இங்கே வா' என்ற அழைப்பு. வந்தவை ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். சில நிமிடத்தில் அடைப்பு தயார்.

ஆனால் இந்த அடைப்பு தளர்வானது. அதன்மேல் உறைவுக் காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, கடைசியில் ஃபைப்ரின் வலையைப் பின்னினால்தான் அது இறுகும். வலை வரவில்லை என்றால், குட்டி ஓடும்போதோ மற்றது முட்டும்போதோ ரத்த அழுத்தத்தில் அடைப்பு பிதுங்கிவிடும். நின்ற ரத்தம் மறுபடி சொட்டும். உங்கள் கொட்டகையில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். முதல் கட்டம் நடந்திருக்கிறது. இரண்டாவது கட்டத்துக்கு ஆள் வரவில்லை.

முட்டி வீக்கமும் அதையே சொல்கிறது. தட்டணு குறைந்தாலோ, இருந்தும் வேலை செய்யாவிட்டாலோ தோலிலும் ஈறிலும் குண்டூசி முனைபோலச் சிவப்புப் புள்ளிகள் வரும், மூக்கில் கசியும், வெட்டிய நிமிடத்திலிருந்தே ரத்தம் நிற்காமல் வழியும். உறைவுக் காரணி குறைந்தால் புள்ளி வராது. மூட்டுக்குள்ளும் தசைக்குள்ளும் தோலடியிலும் ரத்தம் மொத்தமாகத் தேங்கும். நொண்டும் கால், வயிற்றடியில் நீலக் கட்டு எல்லாம் இந்த இரண்டாவது வகை. காதிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளி இருந்ததா என்று போனில் கேட்டேன், இல்லை என்றீர்கள்.

அப்படியானால் 62,000 எப்படி வந்தது? பன்றிக்கு ஒரு மைக்ரோ லிட்டரில் சுமார் 2 லட்சம் முதல் 7 லட்சம் வரை தட்டணு இருப்பது வழக்கம், அந்தக் கணக்கில் 62,000 பயமுறுத்தும் எண்தான். ஆனால் அந்த ரத்தம் எடுத்த விதத்தைப் பாருங்கள். காதில் இரண்டு மூன்று இடம் குத்தி, துளித்துளியாக வடித்து எடுத்திருக்கிறார்கள். பன்றியின் தட்டணு மிகச் சுலபத்தில் உசுப்பேறும். ஊசி திசுவைக் கிளறியதும், ரத்தம் மெதுவாக வடிந்ததும் அதற்குப் போதும், குழாய்க்குள் போகும் முன்பே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மெஷின் நூறு தட்டணு சேர்ந்த கட்டியைத் தட்டணு என்றே எண்ணாது. போதாததற்கு லேப் மெஷின் மனித ரத்தத்துக்கு அளவு வைத்தது. பன்றியின் சிவப்பணு நம்முடையதைவிடச் சிறியது என்பதால் அங்கேயும் கணக்கு குழம்பும். பையன்மேல் குற்றமில்லை, நல்ல மனதோடு செய்திருக்கிறான். அடுத்த முறை எடுக்கும்போது ஒரே குத்தில், ரத்தம் தானாக ஓடிவரும்படி எடுத்து, ஊதா மூடிக் குழாயில் குறித்த அளவு விட்டு, குலுக்காமல் எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். அதோடு ஒரு கண்ணாடித் தகட்டில் ரத்தம் தேய்த்துச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் விட்டுப் பார்க்கும் பெரிய லென்ஸில் ஒரு பார்வைக்குப் பத்துத் தட்டணுவுக்குமேல் தெரிந்தால் எண்ணிக்கையில் குறை இல்லை. தகட்டின் ஓரத்தில் கட்டிகட்டியாகக் கிடந்தால் 62,000 பொய் என்று அங்கேயே தெரிந்துவிடும். கழுத்து நரம்பில் மட்டும் இப்போதைக்கு ஊசி போட விடாதீர்கள். உறையாத ரத்தம் கழுத்துக்குள் தேங்கினால் மூச்சுக்குழாயை நெரித்துவிடும்.

எண்ணிக்கை நிஜமாகவே கொஞ்சம் குறைந்தும் இருக்கலாம். ராத்திரி முழுக்க ரத்தம் போன குட்டியின் தட்டணு அடைப்பதிலேயே செலவாகியிருக்கும். அது விளைவு, காரணமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் தட்டணு வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. இதை அளக்கத் தனிச் சோதனை உண்டு. 1962இல் குஸ்டாவ் பார்ன் என்பவர் ஒரு எளிய வழியைக் கண்டுபிடித்தார். தட்டணு நிறைந்த பிளாஸ்மா கலங்கலாக இருக்கும், ஒளி அதிகம் புகாது. அதில் ஏடிபி சேர்த்தால் தட்டணுக்கள் திரண்டு கட்டியாகும், திரவம் தெளியும், ஒளி கூடுதலாகப் புகும். எவ்வளவு வேகமாகத் தெளிகிறது என்பதுதான் தட்டணுவின் வேலைத்திறன். பன்றியின் ரத்தமும் இதயமும் மனிதருக்கு ஓரளவு நெருக்கமானவை என்பதால், இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் முதலியவற்றை வளரும் பன்றிகளில்தான் அதிகம் சோதித்துப் பார்க்கிறார்கள். இந்த மாதிரி ஆராய்ச்சிக்காகவே பன்றித் தட்டணு பற்றி நிறையத் தெரியும். கொட்டகையில் நிற்கும் குட்டிக்கு அந்தக் கருவி கிடைக்காது. அந்தச் சோதனைக்கு எடுக்கும் ரத்தம் நீல மூடிக் குழாயில், ஃபிரிட்ஜில் வைக்காமல், சில மணி நேரத்துக்குள் கருவிக்குப் போயாக வேண்டும். குளிர் பட்டாலே தட்டணு உசுப்பேறிவிடும்.

நமக்குக் கைவசம் உள்ளது ஒரு கண்ணாடிக் குழாய். சிவப்பு மூடி பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், அதற்குள் ரத்தத்தைச் சீக்கிரம் உறையவைக்கும் பொருள் பூசியிருப்பார்கள், முடிவு தப்பாகும். ஒன்றும் பூசாத சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் விட்டு, உள்ளங்கைச் சூட்டில் பிடித்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு முறை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஆரோக்கியமான குட்டியின் ரத்தம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உறைந்து, குழாயைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும். அரை மணி நேரம் ஆகியும் தண்ணீராகவே ஓடினால் உறைவுக் காரணியில் கோளாறு. உறைந்ததோடு விட்டுவிடாமல் அப்படியே ஒன்றிரண்டு மணி நேரம் சூட்டில் வையுங்கள். உறைந்த கட்டி சுருங்கிக் கண்ணாடிச் சுவரை விட்டு விலகி, சுற்றிலும் மஞ்சள் நீர் பிரியும். அந்தச் சுருக்கத்தைச் செய்வது தட்டணுக்கள். உறைந்தும் சுருங்காமல் தொளதொளவென்று கிடந்தால் அப்போது தட்டணுவைச் சந்தேகப்படலாம். உங்கள் மருத்துவர் போட்டுப் பார்த்ததில் நொண்டும் குட்டியின் ரத்தம் அரை மணி நேரத்துக்குமேல் உறையவில்லை, ஒன்றுமில்லாத மூன்றாவது குட்டியின் ரத்தம் பன்னிரண்டு நிமிடத்தில் உறைந்து பிறகு நன்றாகச் சுருங்கியும் இருக்கிறது. இதற்குமேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் எலி கேக்தான் காரணம். கடையில் விற்கும் கேக்கில் பெரும்பாலும் புரோமடையலோன் என்ற விஷம் இருக்கும். ஈரலில் நான்கு உறைவுக் காரணிகள் தயாராக வைட்டமின் கே வேண்டும். ஒரு முறை பயன்பட்ட வைட்டமின் கேயை உடம்பு புதுப்பித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். அந்தப் புதுப்பிக்கும் வேலையை இந்த விஷம் நிறுத்திவிடும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே ரத்தத்தில் உள்ள காரணிகள் தீரும் வரை, இரண்டு மூன்று நாளோ அதற்குமேலோ, குட்டி ஓடியாடித் தின்னும். அவை தீர்ந்த நேரத்தில் கத்தி பட்டால் விஷயம் வெளியே வரும். கேக்கை அறைக்குள்தான் வைத்தோம் என்பீர்கள். எலி அதை இருந்த இடத்திலேயே தின்னாது, இழுத்துக்கொண்டு போகும். தொட்டிப் பக்கமோ சாக்குக்குள்ளோ துண்டு விழுந்தால் பன்றி மோப்பம் பிடித்துவிடும். செத்தது கூட்டத்திலேயே பெரிய குட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டிக்கு முதலில் வருவது, மற்றவற்றை முட்டித் தள்ளித் தின்பது எப்போதும் பெரியதுதான்.

இந்த வகை விஷம் கண்டுபிடிக்கப்பட்ட கதையும் ஒரு மாட்டுக் கொட்டகையில்தான் தொடங்குகிறது. 1933இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், செத்த கிடேரியையும் பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் கொண்டுவந்து கார்ல் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரிடம் காட்டினார். மாடு தின்றது பூஞ்சணம் பிடித்த தீவனப்பயிர். அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளை வைத்துத்தான் பிறகு வார்ஃபாரின் வந்தது, 1948இல் எலி மருந்தாகக் கடைக்குப் போனது. புரோமடையலோன் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை. வீரியமும் அதிகம், ஈரலில் வாரக்கணக்கில் தங்கவும் செய்யும்.

பூஞ்சணம் என்றதும் உங்கள் புண்ணாக்கு நினைவுக்கு வருகிறது. இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்கிற நம் ஊரில் தேங்காய்ப் புண்ணாக்குச் சாக்கைத் தரையில் வைத்தால் பத்து நாளில் அடியில் பச்சை பூக்கும். அதில் வரும் அஃப்ளடாக்ஸின் ஈரலைக் கெடுக்கும். ஈரல் கெட்டால் உறைவுக் காரணி குறையும், ஆக முடிவு ஒன்றுதான். பால் மறந்த குட்டிகளைத்தான் அது அதிகம் பாதிக்கும். எலி கேக்தான் முதல் குற்றவாளி என்றாலும் புண்ணாக்கு துணை போயிருக்கலாம். சாக்கைப் பலகைமேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். பூஞ்சணம் பட்டதை வெயிலில் காயவைத்துத் திரும்பக் கொடுக்காதீர்கள், காய்ந்தால் பூஞ்சணம் சாகும், விஷம் அப்படியே இருக்கும்.

அப்புறம் அந்த மாத்திரை. பெயரைக் கேட்டபோது அட்டை கிடைக்கவில்லை என்றீர்கள், மாமனார் இதயத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளோடு இருந்தது என்றும் சொன்னீர்கள். அது ஆஸ்பிரினாக இருந்தால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதைதான். தட்டணு தயாரிக்கும் திராம்பாக்சேன் பற்றி மேலே சொன்னேன். ஆஸ்பிரின் அதைத் தயாரிக்கும் நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புது நொதி செய்துகொள்ள முடியாது. மாத்திரையின் மருந்து சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போனாலும், அது தொட்ட தட்டணு சாகும் வரை மந்தமாகவேதான் இருக்கும். எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், வேலைதான் நடக்காது. மாமனாரின் இதயத்துக்கு அது நல்லது, அவர் நிறுத்த வேண்டியதில்லை. காயம்பட்ட குட்டிக்கு ஆகாது. மூன்றாவது குட்டியும் அதே கஞ்சியைக் குடித்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் மாத்திரை மட்டுமே காரணமில்லை. ஆனால் உறைவுக் காரணி இல்லாத குட்டிக்கு மிச்சம் இருந்த ஒரே காவலையும் அது தளர்த்தியிருக்கும். காயடித்த வலிக்கு என்ன ஊசி என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பரம்பரைக் குறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பன்றிகளில் அப்படி ஒரு நோய் உண்டு. 1941இல் அமெரிக்காவின் மிசௌரியில் ஒரு பன்றிக் கூட்டத்தைப் பற்றி எழுதினார்கள், சின்ன வெட்டுக்கே ரத்தம் நிற்காத பன்றிகள். வான் வில்லிபிராண்ட் காரணி இல்லாததுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. தட்டணு நிறைய இருக்கும், பிடித்து நிற்கப் பிடிமானம் இருக்காது. அப்படிப்பட்ட குட்டிக்கு வெட்டிய கணத்திலிருந்தே வழியும், இரவு வரை காத்திருக்காது. அதோடு தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் குறை வந்து சேர்ந்தால்தான் குட்டிக்கு அந்தக் கடுமையான வகை வரும். உங்கள் ஆண்பன்றியை விற்க வேண்டாம்.

தாயின் சீம்பாலில் வரும் எதிர்ப்புப் பொருள் குட்டியின் தட்டணுவை அழிக்கிற இன்னொரு நோயும் இருக்கிறது. பிறக்கும்போது நன்றாக இருந்த குட்டிகள் இரண்டு வாரம் போல ஆகும்போது உடம்பெல்லாம் ஊதாப் புள்ளிகளோடு சாகும். அது 50 நாள் குட்டியின் நோயில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அப்படி ஒரு ஈத்து போனால் அந்தத் தாயை அதே ஆண்பன்றியோடு மறுபடி சேர்க்கக் கூடாது.

டெங்கு பன்றிக்கு வருகிற நோய் இல்லை. ஆனால் ரத்தக்கசிவு என்றால் எந்தக் கால்நடை மருத்துவரும் முதலில் பயப்படுவது பன்றிகளுக்கு வரும் கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் என்ற பன்றிக் காய்ச்சலுக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கும்தான். இரண்டிலும் தட்டணு நிஜமாகவே சரியும். ஆப்பிரிக்க வகை 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் தெரிந்தது, 2022இல் வயநாடு வரை வந்துவிட்டது, ஆக நமக்குத் தூரமில்லை. அதற்கு மருந்து கிடையாது, மனிதருக்கு ஒட்டாது. உங்கள் குட்டிகளுக்குக் காய்ச்சல் இல்லை, மீதி எல்லாம் நன்றாகத் தின்கின்றன என்பதால் இது அதுவல்ல என்று நம்புகிறேன். இருந்தாலும் ஒரு வாரம் காலையில் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். 104ஐத் தாண்டி, குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று அடைந்து படுத்து, காது கருநீலமானால் ஒன்றையும் வெளியே விற்காமல் உடனே அரசுக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமையும்கூட. ஹோட்டல் மிச்சத்தை அரை மணி நேரம் கொதிக்கவைக்காமல் கொடுக்காதீர்கள். அதில் கிடக்கும் ஒரு துண்டுப் பன்றியிறைச்சி போதும், இரண்டு காய்ச்சலும் அந்த வழியாகக் கொட்டகைக்குள் வரலாம்.

பப்பாளி இலைச்சாறு வேண்டாம். மனிதரில் தட்டணு எண்ணிக்கையை அது கொஞ்சம் ஏற்றலாம் என்கிறவர்கள் உண்டு. உங்கள் குட்டிக்குக் குறைந்திருப்பது அதுவே இல்லை. தவிர, சோர்ந்த பன்றிக்குட்டியின் வாயைத் திறந்து சாறு ஊற்றினால் பாதி நுரையீரலுக்குத்தான் போகும். காப்பித்தூளும் அப்படித்தான். அதனால் காயம் அழுக்காகுமே தவிர ரத்தம் நிற்காது. அடுத்த முறை சுத்தமான துணியை மடித்து வைத்து, நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் முழுசாகப் பத்து நிமிடம் அழுத்துங்கள், அதற்குள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். 10 கிலோ குட்டிக்கு உடம்பில் மொத்த ரத்தமே முக்கால் லிட்டர் அளவுதான். இரண்டு டீ கிளாஸ் போனாலே உயிருக்கு ஆபத்து. வைக்கோலில் ஊறுவதும் மண் குடிப்பதும் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் 'சொட்டத்தானே செய்கிறது' என்று இருந்துவிடுகிறோம்.

இப்போது மருந்து வைட்டமின் கே1. நொண்டும் குட்டிக்கு மட்டுமல்ல, ஏழுக்கும் வேண்டும், ஏனென்றால் எது எவ்வளவு தின்றது என்று நமக்குத் தெரியாது. ஊசியை மெல்லிய ஊசிமுனையால் தோலடியில்தான் போட வேண்டும், தசையில் போட்டால் அங்கேயே ரத்தம் தேங்கும். அரை நாள், ஒரு நாளில் உறைதல் திருந்தத் தொடங்கும். அதைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது, விஷம் ஈரலில் இருக்கிறது. மூன்று நான்கு வாரம் வாய்வழியாகத் தொடர வேண்டும். கே1 கொழுப்பில் கரைவது, அதனால் கஞ்சியில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுக் கலந்து கொடுங்கள், நன்றாக உடம்பில் சேரும். தீவன மிக்ஸில் இருக்கும் கே3 இந்த விஷத்துக்கு வேலை செய்யாது, கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றால் நம்பாதீர்கள். வாய்வழி மருந்தை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கண்ணாடிக் குழாய்ச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். உறையத் தாமதமானால் இன்னும் இரண்டு வாரம். நொண்டும் குட்டியைத் தனியாக, மெத்தென்று வைக்கோல் போட்டு வையுங்கள். முட்டியில் ஊசி குத்தி ரத்தத்தை வடிக்க யாரையும் விடாதீர்கள், அது தானாக வற்றும். அது வரை எந்தக் குட்டிக்கும் காது வெட்டு, தடுப்பூசி, இரும்பு ஊசி எதுவும் வேண்டாம்.

மீதி இரண்டு ஆண் குட்டிகளுக்கும் அந்தச் சோதனையில் இரண்டு முறை சரி என்று வந்த பிறகு, மருத்துவரை வைத்து, மரக்கச் செய்து, விதைத் தண்டை நூலால் கட்டி அறுக்கச் சொல்லுங்கள். அடுத்த ஈத்திலிருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் காயடித்துவிடுங்கள். அந்த வயதில் விதையும் குழாயும் சிறியவை, வெட்டும் சின்னது, தாய்ப்பால் குடித்துக்கொண்டே ஆறிவிடும். 50 நாள் என்பது நம் பக்கத்துப் பழக்கம், அதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

கேக் முழுவதையும் எண்ணி எடுத்து அப்புறப்படுத்துங்கள். வைத்தது எத்தனை, கிடைத்தது எத்தனை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், டப்பாவையும் காட்டுங்கள். எலிக்குக் கூண்டு வையுங்கள். செத்த குட்டியை ரப்பர் தோட்டத்தில் புதைத்ததாகச் சொன்னீர்கள், நாய் தோண்டாத ஆழம்தானா என்று பார்த்து, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள், அந்த விஷம் நாய்க்கும் ஏறும்.

கிறிஸ்துமஸ் விற்பனையைப் பற்றி உங்களுக்குப் பிடிக்காத பதில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஏழு குட்டிகளையும் இந்த வருஷம் கறிக்கு விற்க வேண்டாம். விஷம் அதிகம் தங்குவது ஈரலில், நம் ஊரில் முதலில் விற்றுத் தீர்வதும் ஈரல். மற்ற இரண்டு தாய்ப்பன்றிகளின் குட்டிகள் வேறு கொட்டகையில், வேறு தொட்டியில் தின்றவை என்றால் அவற்றைக் கொடுக்கலாம், ஒன்றிரண்டின் ரத்தத்தைக் குழாயில் பார்த்துவிட்டு.